மீன்காரன் மகள் மந்திரவாதி ஆகக்கூடாதா?

போன மாசம் கல்லடியில் எங்கட மேசையில் புதுக் கதை ஒண்டு தொடங்கினோம். ஐந்து பேர், ஒரு செட் பகடை, ஒருத்தன்ட அண்ணன் கனடாவில இருந்து அனுப்பின புத்தகம். ஆட்டம்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவங்க ஆளுக்கொரு பாத்திரமா நிண்டு பேசுவாங்க. முடிவு தெரியாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும்.

எங்களில ஒருத்தியின் தகப்பன் வாவியில் வலை வீசுறவர். "என்ட பாத்திரமும் வாவிக்கரைப் பிள்ளைதான், ஆனா மந்திரவாதி" எண்டாள். மந்திரவாதிக்கு அறிவுப் புள்ளி வேணும். 2024 இல் வந்த திருத்திய பதிப்பைப் புரட்டினோம். மீனவர் எண்டு ஒரு பின்னணியே இல்ல. கிட்டத்தட்டப் பொருந்துறது மாலுமி. மாலுமிக்கு வலிமை, லாவகம், விவேகம் மூன்றில் மட்டும்தான் புள்ளி கூட்டலாம். அறிவில் கூட்ட ஏலாது. கூடவே இலவசமா வாற சிறப்புத் திறமை என்ன தெரியுமா? சாராயக்கடைச் சண்டை.

அவள் சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரல்ல.

இந்தப் பதிப்பைப் புகழுறவங்க சொல்றது ஒண்டுதான்: "பிறப்பை வைச்சுத் திறமையைத் தீர்மானிக்கிற பழைய விதியைத் தூக்கிட்டாங்க." உண்மைதான். 2014 பதிப்பில் உங்கட இனம்தான் புள்ளிகளைத் தீர்மானிச்சது. 2016 இல் வந்த ஒரு துணைநூலில் ஓர்க் இனத்துக்கு அறிவில் 2 கழிக்கச் சொல்லியிருந்தாங்க. அதெல்லாம் போனது நல்லதுதான். ஆனா போன இடத்தில் எதைக் கொண்டுவந்து வைச்சிருக்காங்க? இனத்திலிருந்து எடுத்த புள்ளிகளைத் தொழிற் பின்னணியில் ஒட்டிட்டாங்க. மொத்தம் 16 பின்னணி, ஒவ்வொண்டுக்கும் மூன்று இயல்பு. அதுக்கு வெளியே போக ஏலாது.

விவசாயியையும் பிரபுவையும் பக்கத்தில் வைச்சுப் பாருங்க. விவசாயிக்கு வலிமை, தாங்குசக்தி, விவேகம். பிரபுவுக்கு வலிமை, அறிவு, வசீகரம். விவசாயிக்குக் கிடைக்கிற சிறப்புத் திறமை, கூடுதல் அடி தாங்குற உடம்பு. பிரபுவுக்கு, தான் விரும்பின மூன்று திறன்கள். எங்கட ஊர் மொழியில் சொன்னா, போடியார் வீட்டுப் பிள்ளை எதையும் படிக்கலாம், வயல்காரன்ட பிள்ளை அடி வாங்கலாம். இனத்தை எடுத்திட்டுத் தொழிலை வைச்சா அதுக்கு எங்கட பக்கம் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. கோயிலில் எந்தக் குடிக்கு எந்த உரிமை எண்டு பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது விளங்காதா?

"விளையாட்டுத்தானே மச்சான், ஒரு புள்ளிக்கு இவ்வளவு கத்துறியா?" எண்டு கேப்பீங்க. கணக்குப் பார்ப்போம். வழமையான முறையில் ஆகக்கூடின தொடக்கப் புள்ளி 15. அறிஞர் பின்னணி எடுத்தவர் அதை 17 ஆக்குவார், அவருக்கு +3. மாலுமி 15 இலேயே நிப்பாள், அவளுக்கு +2. ஒவ்வொரு மந்திரத்திலும் இருபதுக்கு ஒண்டு, அதாவது 5 வீதம், பின்னால. பெரிய தொகை இல்லத்தான். ஆனா ஒவ்வொரு கிழமையும், ஒவ்வொரு உருட்டலிலும், "நீ எங்க இருந்து வந்தனீ" எண்டு அந்தத் தாள் அவளுக்கு ஞாபகப்படுத்தும்.

அடுத்த வாதம்: "வயலில வேலை செஞ்சா உடம்பு பலமாகும், அது இயல்புதானே?" பலமாகட்டும், ஆர் வேணாம் எண்டது? அறிவு வளராது எண்டு எப்படிச் சொல்லுவீங்க? படுவான்கரையில் எப்ப விதைக்கிறது, எந்த வாய்க்காலை எப்ப திறக்கிறது எண்டு முடிவெடுக்கிறவருக்கு அறிவில்லையா? வந்தாறுமூலையில் கலைப்பீட வகுப்பில் எத்தனை பேர் வயல் வீட்டில, வலை வீட்டில இருந்து வந்தவங்க எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்க.

மூன்றாவது வாதம்தான் கெட்டித்தனமானது: "எல்லாரும் விரும்பினதை எடுத்தா ஆட்டத்தின் சமநிலை கெடும்." அப்படியெண்டா 2022 ஓகஸ்டில் இதே கம்பனி பரீட்சார்த்தமா விட்ட விதிகளில், உங்கட பின்னணியை நீங்களே கட்டுங்க, புள்ளியை விரும்பின இயல்பில் கூட்டுங்க எண்டு ஏன் எழுதினாங்க? இப்பகூட பழைய புத்தகத்துப் பின்னணி ஒண்டை எடுத்தா விரும்பினதில் கூட்டலாம் எண்டு அதே நூலில் இருக்கு. பழசுக்குக் கெடாத சமநிலை புதுசுக்கு மட்டும் எப்படிக் கெடும்?

சொந்தப் பின்னணி கட்டுற உரிமையை அவங்க முழுசா அழிக்கல்ல. 2024 நவம்பரில் வந்த டிஎம் நூலுக்குள்ள கொண்டுபோய் வைச்சிட்டாங்க. அதாவது இன்னொரு புத்தகம் வாங்கணும், மறுகா டிஎம் அனுமதிக்கணும். ஆட்டக்காரர் கையில் இருந்தது இப்ப மேசைத் தலைவரிட்டக் கேட்டு வாங்கிற சலுகை. காசில்லாதவங்க இலவச விதித்தொகுப்பைப் பார்ப்போம் எண்டா, அதில் இருக்கிறது நாலே நாலு பின்னணி: கோயில் ஊழியர், குற்றவாளி, அறிஞர், படைவீரர். விவசாயியும் இல்ல, மாலுமியும் இல்ல. யுத்தம் பார்த்த ஊரில் இருந்து அந்தப் பட்டியலை வாசிச்சுப் பாருங்க.

எங்கட ஊர்க் கூத்தில் அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது குரலையும் ஆட்டத்தையும் பார்ப்பார். ஆருக்கு ராசா வேசம் எண்டு அங்கேயும் சண்டை வரும், மறைக்க ஒண்டுமில்ல. ஆனா வயலில் நிண்டவர் களரியில் விடியவிடிய அருச்சுனனா ஆடலாம். பகல் வேலையைச் சொல்லி ஆரும் அவரின் வில்லைப் பறிக்க மாட்டாங்க.

ஆகவே எங்கட மேசையில் 2022 பரீட்சார்த்த விதிக்கே திரும்பிட்டோம். பின்னணியை ஆட்டக்காரரே எழுதுவார், புள்ளி எங்க போகணும் எண்டதையும் அவரே சொல்லுவார். நீங்களும் அப்படியே செய்யுங்க, டிஎம்மிட்ட அனுமதி கேட்டு நிக்காதீங்க. டிஎம்மா இருக்கிறவங்க, கேக்க முதலே சொல்லிடுங்க.

சினேகிதி தன் தாளில் எழுதினது: "பின்னணி: வாவி மீனவர். அறிவு 17." சிறப்புத் திறமைக்கான கட்டம் இன்னும் வெறுமையா இருக்கு. சாராயக்கடைச் சண்டை மட்டும் வேணாமாம்.