களத்திலிருந்து திரும்பியோருக்கு எத்தகைய இல்லம் வேண்டும்?

“புனர்வாழ்வு” நல்லதொரு சொல். எனினும் மன்னாரிலும் வன்னியிலும் அச்சொல்லைக் கேட்டதும் தாய்மாரின் முகம் மாறிவிடுகிறது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது சரணடைந்தும் பிடிபட்டும் போன ஏறத்தாழ 12,000 பேர் அடைத்து வைக்கப்பட்ட இடங்களுக்கு அந்தப் பெயரைத்தான் சூட்டினார்கள். தச்சும் தையலும் கணினியும் அங்கே கற்பித்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. சான்றிதழும் கொடுத்தார்கள். ஆனால் நினைத்த நேரம் வெளியே போக முடியாத இடத்தை எவரும் இல்லம் என்று சொல்வதில்லை. ஆகவே, காயமுற்றுத் திரும்பிய எம் பிள்ளைகளுக்கென்று மன்னார்ப் பக்கத்தில் ஓர் இல்லம் அமைய வேண்டும் எனப் பேசத் தொடங்கும் எவரும், முதலில் அச்சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதாமல் விடவேண்டும் என்பேன்.

போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் இதென்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். அன்றைக்கிருந்ததை விட இன்றைக்குத்தான் இதில் அவசரம் அதிகம். 2009இல் இருபது வயதில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு வந்தவருக்கு இன்று முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் தாய்க்கு அறுபதோ எழுபதோ ஆகிறது. புரட்டாமல் விட்டால் படுக்கைப்புண் வரும். உணர்ச்சியில்லாத உடம்பில் புண் எலும்பு வரை போனாலும் நோவு தெரியாது. காய்ச்சல் வந்தபிறகுதான் தெரியும். அந்தத் தாய் கண்ணை மூடினால் யார் எழும்புவது? மடுவுக்கும் பின்பு வன்னிக்கும் மெனிக் பாமுக்குமாக இடம்பெயர்ந்து, கடைசியில் ஊர் திரும்பிய குடும்பங்களில் இந்தக் கேள்வி எல்லோர் மனதிலும் கிடக்கிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் பயப்படுகிறார்கள்.

இந்த வகைக் காயத்துக்கு மருந்தே இல்லையென்று உலகம் கைவிட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு வடம் அறுந்த போர்வீரர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது குண்டு அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்க் கிருமியுமே. 1944ஆம் ஆண்டு பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் என்னுமிடத்தில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். அவரும் ஓர் அகதியே. நாசிகளுக்குத் தப்பி 1939இல் ஜேர்மனியிலிருந்து வந்த யூதர். இரவுபகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளரைப் புரட்டச் செய்தார். சில வேளைகளில் தாமே வந்து நின்று பார்த்தார். அதன்பின் ஒருவரையும் கட்டிலில் சும்மா கிடக்க விடவில்லை. பட்டறைக்கு அனுப்பினார், விளையாட வைத்தார். 1948இல் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பராலிம்பிக்.

தூரத்துக் கதை என்று எண்ணவேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற வைத்தியர் 1954இல் வாகன விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் அங்கே தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு முதுகெலும்பாக இருந்தவரும் அவர்தான். நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்கிப் பராமரிப்பைப் பழகிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

இலங்கைப் படையினருக்கு ராகமையில் ரணவிரு செவன உண்டு. 2011இல் அனுராதபுரத்தில் அபிமன்சல திறக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பராமரிப்புத் தேவைப்படும் படையினருக்கான இல்லம் அது. அதைக் கண்டு எனக்குப் பொறாமையில்லை. காலிழந்தவன் எந்தச் சீருடையில் இருந்து இழந்தாலும் இழந்தது காலே. ஆனால் மறுபக்கத்தில் நின்று காயப்பட்டவருக்கு ஓய்வூதியமும் இல்லை, இல்லமும் இல்லை. தாயின் கைகள் மட்டுமே உண்டு.

இனி, எத்தகைய இல்லம்? கட்டட வரைபடம் கீறுவோர் முதலில் முகப்பைக் கீறுகிறார்கள். நான் மலசலகூடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்புவதற்கு ஐந்தடி வெளி வேண்டும். கதவு மூன்றடி அகலம் இருக்கவேண்டும். அது வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். உள்ளே விழுந்து கிடப்பவர் உள்நோக்கித் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டால் எவராலும் போய்த் தூக்க முடியாது. கட்டிலின் உயரமும் நாற்காலி இருக்கையின் உயரமும் ஒன்றாயிருந்தால், கையில் பலமுள்ளவர் எவரையும் கூப்பிடாமல் தாமாகவே மாறி இருப்பார். படி ஓரங்குலம் உயர்ந்தால் சாய்தளம் ஓரடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. ஆறங்குலப் படிக்கு ஆறடி. மீள்குடியேற்ற வீடுகளில் இந்தக் கணக்கை எவராவது பார்த்தார்களா? வாசலில் படி, மலசலகூடமோ வளவின் பின்மூலையில், நடுவே மாரியில் சேறும் கோடையில் மணலும். வீடு கிடைத்தது, ஆனால் வீட்டுக்குரியவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

மன்னார் வெயிலை மறந்து கட்டக்கூடாது. கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ காயப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. எனவே உடம்பு சூடேறினால் தானாகத் தணியாது. தகரக் கூரையின் கீழ் அவரைப் படுக்கவைப்பது அடுப்பின் மேல் வைப்பதற்குச் சமம். ஓட்டுக்கூரையும், இருபுறமும் காற்றோடும் அகன்ற விறாந்தையும், மரநிழலும் வேண்டும். பள்ளிமுனையில் பல தலைமுறைகளைக் கண்டு நிற்கும் பெருக்கமரத்தின் கீழ் மத்தியானத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கடற்காற்றின் உப்பு சக்கர நாற்காலியைத் தின்றுவிடும் என்பதால், திருத்துவதற்கு ஒரு சிறிய பட்டறையும் அங்கேயே இருக்கட்டும். அதில் வேலை செய்பவரும் நாற்காலியில் இருப்பவராகவே இருக்கட்டும்.

உடம்பை விட்டு மனதுக்கு வந்தால், இங்கே சுவர்களை விடச் சத்தங்களே முக்கியம். ஊர்த் திருவிழாவில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போகிறவர்கள் உண்டு. இருட்டில் தூங்காதவர்கள் உண்டு. நீண்ட நடையும் இருபக்கமும் அறைகளுமாகக் கட்டினால் அது அவர்களுக்கு முகாமையே நினைவூட்டும். நான்கைந்து சிறு வீடுகள், நடுவே ஒரு முற்றம், ஒரு பொதுக் குசினி, இரவு முழுதும் எரியும் ஒரு மங்கலான விளக்கு போதும். வாசலில் காவலரண் எதுவும் கூடாது. பெண்களுக்கென்று தனி வீடும் பெண் பராமரிப்பாளரும் கட்டாயம் வேண்டும். இயக்கத்திலிருந்து திரும்பிய பெண்களை எம் சமூகம் பார்க்கும் பார்வை ஆண்களைப் பார்க்கும் பார்வையாக இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யார் வரலாம் என்பதில் என் எண்ணம் இது: முன்னாள் போராளிகளுக்கு மட்டும் என்று கட்டினால் அந்த இல்லம் கெட்டுவிடும். ஷெல் விழுந்து முதுகுடைந்த விவசாயியின் மனைவிக்கும் அதே புண்தான், அதே கட்டில்தான். சேர்க்கைப் படிவத்தில் எந்த இயக்கம், எந்தப் படையணி என்ற கேள்வியே இருக்கக்கூடாது. எழுதாத ஒன்றை எவரும் கேட்டு வாங்க முடியாது. பெயர்ப் பதிவேடு மருத்துவக் குறிப்பாக வைத்தியரின் பொறுப்பில் இருக்கவேண்டும். அலுவலக மேசையில் அல்ல. விடுதலையான பின்னும் வீடு தேடிவந்து விசாரிக்கப்பட்டவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இல்லத்துக்கு வர மறுப்பார்கள். இதைச் சரிசெய்யாமல் எத்தனை கட்டில் போட்டாலும் அவை வெறுமையாகவே கிடக்கும்.

எங்கே அமைப்பது? மருத்துவமனைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பதால் மன்னார் நகரையும் பள்ளிமுனையையும் பலர் சொல்வார்கள். முதல் மூன்று மாதத்துக்கு அது சரி. கடற்தொழில் செய்தவரின் மகனுக்கு அதற்கு மேலும் சரியாகலாம். ஆனால் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு உப்பு மணலில் என்ன கற்பிப்பது? ஜெய்ப்பூர் கால் 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞராலும் சேத்தி என்ற வைத்தியராலும் உருவாக்கப்பட்டது. வெறுங்காலோடு நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. அதைப் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்து பழக வயல்தான் வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கு இடுப்புயரப் பாத்தியும் ஆட்டுக்கொட்டிலும் நாற்றுமேடையும் வேண்டும். ஆகவே, நானாட்டான் பக்கமோ மாந்தைப் பக்கமோ நல்ல தண்ணீருள்ள இரண்டாவது சிறு வளவு ஒன்று அவசியம்.

அந்த வளவு எவருடைய காணி என்பதை ஆயிரம் தடவை விசாரித்த பிறகே கல் நாட்டவேண்டும். 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள், 2017இல் வீதியில் இருந்து போராடிய பிறகே ஒரு பகுதிக் காணியை விடுவதாக வாக்குப் பெற்றார்கள். காணி உறுதியோடு காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நிலத்தில் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு இல்லம் கட்டினாலும், அது இன்னோர் இடப்பெயர்வே.

நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலோ மாதர் சங்கக் கூட்டத்திலோ, உங்கள் ஊரில் கட்டிலில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பராமரிப்பவரின் வயதைக் குறியுங்கள். ஓர் அளவுநாடாவோடு போய்க் கதவின் அகலத்தையும், படியின் உயரத்தையும், கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள். மாரி தொடங்குமுன் எழுதிவிட்டால், சேறு எங்கே நிற்கும் என்பதை மழை வந்தபின் இன்னொரு தடவை போய்ப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.