கப்பல் கூலியை எங்கள் நாட்கூலியில் கழிக்காதே!

தொழிலாளத் தோழர்களே, தாய்மாரே,

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை கடந்து வரும் ஏ5 வீதி எங்கள் செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டுக் கிழக்கே இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்களிலும் இருக்கிறார்கள். சொந்தங்கள் இன்னும் மேலே கொழுந்து பறிக்கின்றன. அதனால் அங்கே சம்பளம் குறைவதும் இங்கே சாமான் விலை ஏறுவதும் எங்களுக்கு ஒரே வீட்டுக் கணக்கு.

கொரோனாக் காலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சாட்டுத்தான் சொன்னார்கள்: "கப்பல் இல்லை." அந்தச் சாட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

கடல் குழம்பியது உண்மை. 2020இன் முதல் பாதியில் கப்பல் கம்பனிகள் பயணங்களை இரத்துச் செய்தன. ஆண்டின் பிற்பாதியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சாமான்களை வாங்கிக் குவித்தபோது, துறைமுகங்களில் ஆள் பற்றாமல் கொள்கலன்கள் தேங்கின. வெற்றுக் கொள்கலன்களை அதிக வாடகை கிடைக்கும் சீனப் பாதைக்கே விரைந்து திருப்பினார்கள். தேயிலை ஏற்றக் கொழும்பில் கொள்கலன் தட்டுப்பட்டது. கப்பல் கூலி பல மடங்கு ஏறியது.

ஆனால் தோட்டம் நின்றதா? 2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. தோட்ட வேலைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். நாடே கதவைப் பூட்டியிருக்க, எங்கள் பெண்கள் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுத்தார்கள். 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலம், அந்த ஏப்ரலிலேயே முதன்முறையாக இணையவழியில் நடந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டக் கம்பனி தேயிலையை விற்பது கொழும்பு ஏலத்தில், ரூபாவில். கப்பல் கூலி அதற்குப் பிறகு வரும் செலவு. அது ஏற்றுமதியாளருக்கும் வெளிநாட்டு வியாபாரிக்கும் இடையிலான கணக்கு. "கப்பல் கூலியை நினைத்து ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்" என்று நியாயம் சொல்லக்கூடும். குறைந்ததா? 2020இல் ஏலத்தின் சராசரி விலை 2019ஐ விடக் கூடி, கிலோ 600 ரூபாவைத் தாண்டியது.

எங்கள் சம்பளம் என்ன ஆனது? 2015 முதல் கேட்டுவந்த 1,000 ரூபா 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதையும் எதிர்த்துப் பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. தோட்டங்களில் கிலோ அளவைக் கூட்டி, எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர் போட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது என்பது இதுதான்.

அப்படியானால் கடலில் ஏறிய பணம் எங்கே போனது? உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பனிகளில் ஒன்றான டென்மார்க்கின் மேர்ஸ்க், 2020இல் ஏறக்குறைய 290 கோடி டொலர் இலாபம் எடுத்தது. 2021இல் அது ஏறக்குறைய 1,800 கோடி டொலர்! நோய் பரவிய காலம் அவர்களுக்கு அறுவடைக் காலம்.

அந்தப் பணம் மாலுமிக்கும் போகவில்லை. 2020 முடிவில் ஏறக்குறைய 4 இலட்சம் கப்பல் தொழிலாளர்கள் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கடலிலேயே கிடந்தார்கள். லயத்தில் அடைபட்ட எங்களுக்கு அவர்களின் நிலைமையை யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் கோபம் கப்பலில் வேலை செய்தவர் மேல் அல்ல. அவரையும் எங்களையும் வைத்துச் சம்பாதித்தவர் மேல்.

ஏறிய கப்பல் கூலி கோதுமை மாவிலும் பருப்பிலும் ஏறிச் செங்கலடிக் கடைக்கும் வந்தது. ஆக, சம்பளத்தில் ஒரு தடவை, சாப்பாட்டில் ஒரு தடவை என்று அந்தக் கூலியை நாங்கள் இரண்டு தடவை கட்டினோம். ஏற்றுமதி டொலரில் எங்களுக்கு ஒரு தடவைகூடப் பங்கு வரவில்லை.

நாளை இன்னொரு நோய் வரலாம். கடலில் சண்டை வரலாம். அதே சாட்டோடு வருவார்கள். அப்போது நாம் கேட்க வேண்டியவை இவை: ஏல விலைக் கணக்கைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வை. விலை கூடிய ஆண்டில் எங்கள் பங்கைக் கொடு. சம்பளத்தை உயர்த்திவிட்டுக் கிலோவைக் கூட்டாதே. ஊரடங்கிலும் வேலை வாங்கினால் அதற்கு மேலதிகக் கொடுப்பனவு கொடு.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் இந்த நான்கையும் வாசித்துக் காட்டுங்கள். கணக்குக் கேட்கத் தெரிந்த தொழிலாளியிடம் சாட்டுச் சொல்வது இலேசல்ல.