ஜானகி டீச்சரும் அரையாண்டுத் தேர்வும்

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "ஆண்டு விழா நாடகம்னு சொல்லி பையனோட படிப்பை வீணாக்கறாங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொல்கிறேன் தம்பி. ஆனால் உன் பக்கம் பேசப் போவதில்லை.

கிரேஸி மோகன் நாடகங்களில் கதாநாயகி பெயர் ஜானகி. நாடகம் மாறும், ஜானகி மாற மாட்டாள். பள்ளியில் அவரை மேடையேற்றிய டீச்சரின் பெயர் அது. பேட்டிகளில் அவரே பலமுறை சொன்னதுதான். நல்லாசிரியர் விருதை விட இது பெரிது என்பேன். (எனக்கு அந்த விருது கிடைக்கவில்லை, அது வேறு கதை.)

"அவர் இன்ஜினியரிங் முடிச்சுட்டுத்தானே சார் நாடகத்துக்கு வந்தார்?" என்பாய். தப்பு. கிண்டியில் மெக்கானிக்கல் படிக்கும்போதே எழுதி நடித்தவர். பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை. 1976இல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார், அந்த 'கிரேஸி' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு, தம்பி பாலாஜிதான் மாது. அப்புறம் டிவி, சினிமா. 2019 ஜூனில் போய்ச் சேரும் வரை மேடையை அவர் விடவில்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. நம் உறவுக்காரர்கள்தான், பெயர் வேண்டாம். "எல்லாம் கடி ஜோக், துணுக்குத் தோரணம்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். காளமேகம் செய்தால் சிலேடை, மோகன் செய்தால் கடியா? ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து, இரண்டு அர்த்தமும் ஒரே நொடியில் பாமரனுக்கும் புரிய வைப்பது லேசா? முப்பது வருஷம் கரும்பலகையில் சிலேடை நடத்தினேன், கடைசி பெஞ்சு கொட்டாவிதான் விட்டது. மனுஷர் வெண்பாவும் எழுதினார் என்பதாவது தெரியுமா இவர்களுக்கு?

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. அரையாண்டுத் தேர்வைக் காட்டி, நன்றாக நடித்த ஒரு பையனை நானே ஒத்திகையிலிருந்து இழுத்து வந்தேன். அவன் மார்க் ஒன்றும் ஏறவில்லை. அடுத்த வருஷம் நாடகத்துக்குப் பெயர் கேட்டபோது அவன் கை தூக்கவில்லை. அவனும் இந்தப் பதிவைப் படிப்பான். மன்னித்துக்கொள்ளப்பா.

உன் பையனை நாடகத்திலிருந்து எடுக்காதே. ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் சொல். நானே போய் அழைத்து வருகிறேன், வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.