மாற்றும் முன் கழற்றிப் பார்ப்போம்

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில், புத்தம் புதிய மின்னணுப் பாகம் ஒன்றை ஒரே நொடியில் எரித்துவிட்டேன். சாவியைத் திருப்பினேன். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அவ்வளவுதான். நான் படிப்பது மின்பொறியியல் என்பதுதான் இதில் வேடிக்கை.

கார் என் மாமாவுடையது. 1960களில் தயாரான மோரிஸ் மைனர். மழைக்காலத்தில் சட்டென்று கிளம்பாது, பாதி வழியில் திக்கும். அதன் ‘டிஸ்ட்ரிபியூட்டரை’ மேம்படுத்தித் தருகிறேன் என்று நான்தான் முன்வந்தேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் பாகத்தை இணையம்வழி வாங்கினேன். காணொளிகள் இரண்டைப் பார்த்தேன். பிறகு நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சொல்லையே கேட்டிராத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பெட்ரோல் இன்ஜினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்ளத் தீப்பொறி வேண்டும். 12 வோல்ட் பேட்டரியால் அதை நேரடியாகத் தர இயலாது. ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தித் திடீரென்று துண்டித்தால், அதன் காந்தப்புலம் சரிந்து ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் பிறக்கும். சரியான நொடியில் துண்டிப்பதும், பிறந்த மின்சாரத்தை உரிய சிலிண்டருக்கு அனுப்புவதும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்முறைதான் பல பத்தாண்டுகளுக்குப் பெட்ரோல் கார்களை ஓட வைத்தது.

அதில் பலவீனமான இடம் ‘பாயிண்ட்’. இரண்டு சிறு உலோகத் தொடுமுனைகள் சேர்ந்து பிரிவதால்தான் மின்னோட்டம் துண்டிக்கப்படுகிறது. மாமாவின் காரில் உள்ள லூகாஸ் 25டி வகையில், முழுதாகப் பிரியும்போது அவற்றுக்கிடையே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நான்கு தாள்களை அடுக்கிய தடிமன், அவ்வளவே. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், அந்த முனைகள் நொடிக்கு 100 முறை பிரிந்து சேரும். தேயாமல் எப்படி இருக்கும்? தேய்ந்தால் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் தீப்பொறியின் நேரம் தவறும்.

1960களின் அமெரிக்க ‘மசல்’ கார்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஃபோர்டு மஸ்டாங், போன்டியாக் ஜிடிஓ போன்றவற்றின் எட்டு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும்போது நொடிக்கு 400 தீப்பொறிகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 2.5 மில்லிநொடி. அந்த வேகத்தில் பாயிண்ட் ஒழுங்காக மூடாமல் துள்ளும். காயிலுக்குப் போதிய மின்னோட்டம் சேராது. அதனால்தான் கிரைஸ்லர் நிறுவனம் 1973ஆம் ஆண்டு, அமெரிக்காவில் தயாரித்த தன் கார்களில் பாயிண்ட்டைக் கைவிட்டு மின்னணு முறைக்கு மாறியது. இன்று பழைய கார் வைத்திருப்போர் பலரும் முதலில் செய்யும் மேம்பாடு இதுதான். பாயிண்ட்டை எடுத்துவிட்டு, அதே மூடிக்குள் ஒரு சிறு காந்த வளையத்தையும் அதை உணரும் மின்னணுப் பாகத்தையும் பொருத்துவது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

இதை ஏற்காதவர்களும் உண்டு. பழைய காரைப் பழையபடியே வைத்திருப்பதுதான் மரியாதை என்பது அவர்கள் கட்சி. பாயிண்ட் பழுதானால் சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். மின்னணுப் பாகம் போனால் இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால், சிங்கப்பூரில் நான் மேம்பாட்டின் பக்கமே நிற்பேன். 35 வயதைக் கடந்த கார்களுக்கான நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் ஓடும் காரை ஆண்டுக்கு 45 நாள்கள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். மற்ற நாள்களில் அது நிழலில் நிற்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா நிற்கும் பாயிண்ட் முனைகளில் மெல்லிய படலம் படரும். ஓட்டக் கிடைப்பதே சில நாள்கள். அதிலும் விரைவுச்சாலை நடுவே நின்றுவிட்டால் ஓட்டுபவருக்கும் ஆபத்து, பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

ஆக, மேம்படுத்த நினைத்ததில் என் தவறு இல்லை. எதை மேம்படுத்துகிறேன் என்று பார்க்காததுதான் தவறு.

அதைச் சொல்லித் தந்தவர் மாமாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக். ஜாலான் புசார் பகுதிப் பட்டறை ஒன்றில் 15 வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர். இப்போது எழுபதைக் கடந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா நிலையத்து உணவங்காடியில் தேநீர் குடித்தபடி என் கதையைக் கேட்டார். சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, பேட்டரியில எந்தப் பக்கம் பாடிக்குப் போகுதுன்னு பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனை இணைந்திருக்கும். மோரிஸ் மைனரும் அப்படித்தான். நான் வாங்கியதோ எதிர்முனை இணைப்புக்கான பாகம். மின்னோட்டம் தலைகீழாகப் பாய்ந்தது, பாகம் கருகியது. நேர்முனை, எதிர்முனை என்பதை உயர்நிலைப் பள்ளியிலேயே படித்தவன் நான். தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் அவர் வந்தார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றச் சொன்னார், அவர் தொடவில்லை. அடித்தட்டின் கீழே இரண்டு சிறு எடைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் சுருள்வில்களும் இருந்தன. இன்ஜின் வேகமெடுக்கும்போது எடைகள் வெளிப்பக்கம் விரிந்து, தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே வரச் செய்யும். மின்சாரமே இல்லாமல், வெறும் சுழற்சியால் நடக்கும் கணக்கு அது. எங்கள் காரில் ஒரு சுருள்வில் தளர்ந்திருந்தது. புதிய பாகம் எரியாமல் இருந்திருந்தாலும் கார் வேகத்தில் திக்கித்தான் இருக்கும்.

“எது தேஞ்சிருக்குன்னு பாக்காம புதுசைப் போட்டா, புதுசும் பழசு மாதிரிதான் ஓடும்,” என்றார்.

இதை நான் இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம், இப்படிக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்கு மிகக் குறைவு என்பதே. 1990ஆம் ஆண்டு அறிமுகமான சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்காவிட்டால் காரைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். நம் கைப்பேசியும் மடிக்கணினியும் அதைவிட விரைவாகப் போய்விடுகின்றன. பொருள்கள் முதுமையடைவதற்குள் மாற்றிவிடுவதால், அவற்றின் உள்ளே என்ன தேய்கிறது என்பதை நாம் பார்ப்பதே இல்லை. பழைய கருவிகளும் உதிரிப் பொருள்களும் கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. டெர்விட் சாலையில் சை செங் ஹுவாட் என்ற பழைய இரும்புக்கடையின் பெயர் இன்னும் இருக்கிறது. இப்போது அங்கே விற்பது காப்பி. அந்தக் காப்பியை நானும் விரும்பிக் குடிக்கிறேன். ஆனால், இரும்புக்கடையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதைக் காப்பிக் கடையிடம் கேட்க முடியாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். 2030ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். 2040க்குள் எல்லா வாகனங்களும் அப்படி மாற வேண்டும் என்பது இலக்கு. 2023ஆம் ஆண்டு ஜூரோங்கில் திறக்கப்பட்ட ஹியுண்டாய் நிலையத்தில் மின்சாரக் கார்களே தயாராகின்றன. அப்படியிருக்க, மறையப்போகும் பாகத்தைக் கற்று என்ன பயன்?

பயன் இருக்கிறது. பாயிண்ட்டின் இடத்தில் நாங்கள் பொருத்திய பாகம், காந்தப்புலத்தை உணரும் ‘ஹால்’ உணர்கருவி. மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றின் மோட்டாரில் சுழலும் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்வதும் அதே வகைக் கருவிதான். காயிலில் மின்னோட்டத்தைத் துண்டித்து மின்னழுத்தத்தை உயர்த்தும் அதே இயற்பியல்தான், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் இன்றைய மின்னணுச் சுற்றுகளிலும் இயங்குகிறது. பெட்ரோல் போய்விடும்; இந்த அறிவு போகாது. பழைய காரில் அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். புதிய காரில் எல்லாம் முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும்.

அந்த உணர்கருவிக்குப் பெயர் தந்த எட்வின் ஹால், 1879ஆம் ஆண்டு அந்த விளைவைக் கண்டறிந்தபோது அமெரிக்காவில் ஓர் ஆய்வு மாணவர். மாபெரும் அறிவியலாளர் மேக்ஸ்வெல்லின் நூலில் இருந்த ஒரு கூற்று அவருக்குச் சரியாகப் படவில்லை. மனப்பாடம் செய்து கடந்துபோகாமல், சோதித்துப் பார்த்தார். நம்மில் எத்தனை பேர் பாடநூல் வரியைச் சோதித்துப் பார்த்திருக்கிறோம்?

‘திறன்களை மேம்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால், மேம்பாடு என்றால் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை வாங்குவது என்று நாமாகவே பொருள் கொண்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

எனக்கு இரண்டு யோசனைகள் உண்டு. ஒன்று, பல்கலைக்கழகங்களின் முதலாண்டுப் பொறியியல் வகுப்பில் ஒரு பழைய பொருளை முழுதாகக் கழற்றி மீண்டும் பூட்டும் பயிற்சி வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்றில்லை, மின்விசிறி, தையல் இயந்திரம் எதுவும் ஆகலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் படிக்கும் நம் நண்பர்கள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து கற்பதில் நமக்கு இழுக்கு ஏதுமில்லை.

இரண்டு, நமக்குத் தெரிந்த மூத்த கைவினைஞர்களைத் தேடிப் போவோம். 2014ல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ போன்ற முயற்சிகளில், பழுதான வீட்டுப் பொருள்களைத் தூக்கி எறியாமல் சரிசெய்யத் தொண்டூழியர்கள் கற்றுத் தருகிறார்கள். அங்கு போகலாம். அல்லது வீட்டுக்கு வரும் மின்பணியாளரிடம், ‘இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணே?’ என்று கேட்கலாம். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது பாகத்தை நேர்முனை இணைப்புக்கு ஏற்றதாக வாங்கினேன். தளர்ந்த சுருள்வில்லையும் மாற்றினோம். அன்று நல்ல மழை. மாமா சாவியைத் திருப்பியதும் கார் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. கழற்றிய பழைய பாயிண்ட்டைத் துடைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, இடைவெளியை அளக்கும் தகட்டோடு காரிலேயே வைத்திருக்கிறோம். புதியது வழியில் கைவிட்டால் பழையதைப் பூட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். அதை எப்படிப் பூட்டுவது என்று இப்போது எனக்குத் தெரியும்.