கன்னி மூலையின் யோக்கியதை

சென்ற வாரம் நம்மைப் பார்க்க வந்த தோழர் ஒருவர், வீடு மாற்ற வேண்டியிருக்கின்றது, பார்த்து வைத்த இரண்டு வீட்டில் எதைப் பிடிக்கலாம் என்று யோசனை கேட்டார். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அவருடைய துணைவியார் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் பனியன்களை வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டி, டேமேஜ் பார்த்து, மடித்து, டஜன் கட்டிக் கொடுக்கின்றவர். இருந்த லைன் வீட்டில் ஒரே அறை. மூட்டையும் அங்கேதான், அடுப்பும் அங்கேதான், பிள்ளைகள் படுப்பதும் அங்கேதான். அடுத்ததாக ஒரு பழைய ஓவர்லாக் மிஷினும் வாங்கிப் போட உத்தேசமாம். ஆகவே தொழிலுக்கு ஏற்ற வீடு வேண்டுமென்று புறப்பட்டிருக்கின்றார்கள்.

புறப்பட்டவர்கள் கையில் அடிக்கோலும் சாமான் கணக்குமாகப் போயிருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாஸ்துக்காரனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கின்றார்கள். “அம்மா பயப்படுறாங்க, அவங்க மனசுக்காகத்தானுங்க” என்று தோழர் சமாதானம் சொன்னார். நம் நாட்டில் எல்லா மூடத்தனமும் யாராவது ஒரு அம்மாவின் மனசுக்காகத்தான் நடக்கின்றது. அந்த அம்மாவுக்குப் பயத்தை ஊட்டியவன் யார் என்று மாத்திரம் யாரும் கேட்பதில்லை.

இரண்டு வீட்டின் லட்சணத்தையும் சொல்லிவிடுகின்றோம். வீரபாண்டிப் பக்கம் ஒரு வீடு. கிழக்குப் பார்த்த வாசல், ஈசானியத்தில் தண்ணீர்த் தொட்டி, அக்கினி மூலையில் சமையல், கன்னி மூலையில் ஓட்டை ஒடிசல் இல்லாத முழுச்சுவர். வாஸ்துக்காரன் நூற்றுக்கு நூறு மார்க்குப் போட்டுவிட்டான். ஆனால் மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் பகல் 12 மணிக்கும் விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும். மற்றொன்று பூலுவப்பட்டிப் பக்கம். தெற்குப் பார்த்த வாசல். பின்புறம் வடக்கே காலி மனை, அதைப் பார்த்து அகலமான ஜன்னல். தென்மேற்கு மூலையிலும் ஒரு ஜன்னல். தெற்கு எமன் திசையாம், கன்னி மூலையில் ஜன்னல் வைத்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாதாம். அதனால் மூன்று மாதமாக அந்த வீடு பூட்டியே கிடக்கின்றது. வாடகையும் மற்றதைவிடக் குறைவு. எமனுடைய தயவினால் ஒரு ஏழைக்கு வாடகை குறைகின்றதென்றால், குபேரனைவிட எமனே மேல் என்றுதான் நாம் சொல்லுவோம்.

இப்பொழுது திசை என்கின்ற விஷயத்தைக் கொஞ்சம் அறிவைக்கொண்டு பார்ப்போம். திசையில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சூரியன் ஒரு பக்கத்தில் தோன்றி ஒரு பக்கத்தில் மறைவதாலும், காற்றுக்கு ஒரு வழி இருப்பதாலும், திசைக்கு நிச்சயமாய் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பை ஊருக்கு ஊர் நிலத்தைப் பார்த்து அறிய வேண்டுமே ஒழிய, தேவர்களுக்கு மூலை மூலையாய்ப் பட்டா கொடுத்து அறிய முடியாது.

பனியனில் டேமேஜ் பார்ப்பவருக்கு என்ன வேண்டும்? வெளிச்சம் வேண்டும். அதுவும் கண்ணைக் கூசாத, நிழல் அடிக்காத, காலை முதல் மாலை வரை ஒரே சீராக இருக்கின்ற வெளிச்சம் வேண்டும். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வெளிச்சம் வடக்கு ஜன்னலில்தான் கிடைக்கும். ஏனென்றால் வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாள் உச்சிச் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்தே போகின்றது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மாத்திரம் உச்சிப்பொழுதில் சற்று வடக்கே சாயும். அதற்கு ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் போதும். பழைய காலத்து மில்கள் பலவற்றில் கூரையை ரம்பப் பல் மாதிரி அமைத்து, கண்ணாடியை வடக்குப் பார்த்து வைத்ததற்கும் இதுவே காரணம். மில் கட்டிய எஞ்சினீயர் குபேரனுக்குப் பயந்து அப்படிச் செய்யவில்லை. நூல் அறுந்தது தெரிய வேண்டும், வெயிலும் ஆளைச் சுடக்கூடாது என்று செய்தான். வெள்ளைப் பனியனில் ஓர் எண்ணெய்ப் பொட்டு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தப்பிப் போகும். வடக்கு வெளிச்சத்தில் தப்பாது. தப்பிப் போனால் மூட்டை திரும்பி வரும், கூலியும் பிடிபடும்.

காற்றைப் பார்ப்போம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நம் ஜில்லாவுக்குள் பாய்கின்றது. பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கங்களில் காற்றாலைகள் காடாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். கோடிக்கணக்கான ரூபாய் போட்டு முதலாளிகள் அந்தக் காற்றைப் பிடித்து மின்சாரம் செய்கின்றார்கள். வாஸ்து சாஸ்திரமோ அதே தென்மேற்கு மூலையைச் சுவர் வைத்து அடை, அங்கே பீரோவை நிறுத்து, மூட்டையை அடுக்கு என்கின்றது. பஞ்சுத் தூசி பறக்கும் அறையில் குழந்தை மூச்சுத் திணறிப் படுத்திருக்கும்போது, சும்மா கிடைக்கின்ற காற்றை ஒரு மூலையின் பெயரைச் சொல்லித் தடுப்பதைவிட அக்கிரமம் வேறு என்ன இருக்கின்றது? ஆடிக் காற்றில் பீஸ் பறக்குமே என்றால், அதன்மேல் ஒரு செங்கல்லை எடுத்து வைத்தால் தீர்ந்தது. சாந்தி பரிகாரம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஈசானிய மூலையில் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பதும் அப்படியே. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவு போடுகின்ற அளவுக்கு நொய்யலாறு கெட்டுக் கிடந்தது. ஆற்றில் விட்ட சாயக்கழிவின் உப்பு நிலத்துக்குள் இறங்கும்போது, இது ஈசானியம், இங்கே இறங்கலாகாது என்று விலகியா போயிற்று? ஆகவே வீடு பார்ப்பவர்கள் மூலையைக் கேளாமல், குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகின்றது, சேர்த்து வைக்கத் தொட்டி எவ்வளவு என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேட்பார்களாக. வீட்டுக்காரரைக் கேட்டால் தினமும் வருகின்றது என்பார்.

மனையடி சாஸ்திரம் என்று இன்னொரு புத்தகம் இருக்கின்றது. அறை ஆறு அடி இருந்தால் நன்மை, ஏழு அடி இருந்தால் தரித்திரம், எட்டு அடி பாக்கியம், ஒன்பது அடி பீடை என்று இப்படியே போகும். இதை எழுதி வைத்த மகான் பன்னிரண்டு அங்குலம் கொண்ட இங்கிலீஷ் அடிக்கோலை எங்கே கண்டார்? நம்மவர்கள் முழத்திலும் சாணிலும் கோலிலும் அளந்த காலத்துப் பலன்களை, வெள்ளைக்காரன் கொண்டுவந்த டேப்பினால் அளந்து பார்த்தால் அந்தத் தரித்திரம் எப்படிச் சரியாக ஏழாவது அடியில் வந்து உட்காரும்? ஓர் ஓவர்லாக் மிஷின், அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், பக்கத்தில் மூட்டை, எழுந்து நடக்க ஒரு வழி, இவ்வளவுக்கும் இடம் போதுமா என்பதே அறையின் அளவுக்கு உள்ள ஒரே சாஸ்திரம்.

அடுப்பு விஷயமும் உண்டு. அக்கினி மூலையோ எந்த மூலையோ, அடுப்புக்கும் துணி மூட்டைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்க வேண்டும். வெட்டுத் துணியும் பஞ்சும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பூஜை அறை விளக்கும் அந்தப் பொறியில் சேர்த்திதான். அதோடு மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். லைன் வீடுகளில் பலவற்றில் ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடிக்கும் சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கின்றார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் சர்க்கார் கொடுத்த சலுகை அந்தக் குடிகளுக்கு முழுசாக வந்து சேருவதில்லை. தனி மீட்டர் உண்டா, மோட்டார் போட்டால் ஒயர் தாங்குமா, மிஷின் சத்தத்துக்கு வீட்டுக்காரர் பிறகு ஆட்சேபணை சொல்லுவாரா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகைக்கு விடுவதை எழுத்து மூலம் ஒப்பந்தமாக்க வேண்டும் என்றும், வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்றும் சொல்லுகின்றது. வாஸ்துக்காரனுக்குக் கொடுக்கின்ற தட்சணையை ஒப்பந்தப் பத்திரத்துக்குச் செலவிட்டால் நாளைக்கு உதவும்.

நிற்க, தோழர் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கேட்டபோதுதான் நமக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த இரண்டு வீட்டுக்கு முன்னால் அவர்கள் ஏழெட்டு வீடு பார்த்திருக்கின்றார்கள். அவற்றில் நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள வீடுகளும் இருந்தன. புரோக்கர் கேட்ட முதல் கேள்வி வாடகையைப் பற்றியதல்ல, “நீங்க என்ன ஆளுங்க?” என்பதுதான். பதில் சொன்னவுடன் அந்த வீடு “நேத்துத்தான் பேசி முடிச்சாங்க” என்று ஆகிவிட்டது. கேட்டவர்களுக்கு வெட்கமில்லை. அவர்கள் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பனியனை எந்த ஜாதியான் தைத்தான், பிசிறு வெட்டியவள் எந்த ஜாதி, பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து இங்கே மிஷினில் உட்கார்ந்திருப்பவன் எந்த ஜாதி என்று கேட்டுவிட்டா போட்டுக்கொண்டார்கள்? தோலோடு ஒட்டும் துணிக்கு இல்லாத தீட்டு, காசு கொடுத்துக் குடியிருக்கின்ற வீட்டுக்கு எப்படி வந்தது?

இதற்குச் சட்டமும் போதிய துணையாக இல்லை. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், ரோடு ஆகியவற்றில் ஜாதியின் பேரால் ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கின்றது. வாடகை வீட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நாம் மேலே சொன்ன வாடகைச் சட்டத்திலும், முன்பணத்துக்குக் கணக்குச் சொன்னவர்கள் ஜாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்க ஒரு வரி சேர்க்கவில்லை. வீடே தொழிற்சாலையாகிவிட்ட ஒரு ஊரில், வீடு மறுப்பது என்பது வேலை மறுப்பதுதான் என்பதைச் சட்டசபையில் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

2020-இல் கொரோனாவுக்காக ஊரை அடைத்தபோது, வீட்டிலிருந்தே வேலை என்பதை ஏதோ புதிதாய்க் கண்டுபிடித்த சங்கதியாகப் பத்திரிகைகள் எழுதின. கம்ப்யூட்டர் வேலைக்காரர்களுக்கு அது புதிது. நெசவாளி வீட்டுக்குள் குழித்தறி தோண்டி, காலைத் தொங்கவிட்டு நெய்தது எத்தனையோ தலைமுறையாக. தரையின் ஈரத்தில் பாவு நூல் அறாது என்பதற்காகவே அவன் தரையில் குழி தோண்டினான். வீட்டைத் தொழிலுக்காகவே அமைத்த அந்தப் புத்தியை விட்டுவிட்டு, அவன் பேரன் இன்று மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் வைக்கின்றான்.

இதைச் சொல்லுகின்றபோது, வீட்டில் செய்யும் வேலை பெண்களுக்குப் பெரிய சௌகரியம் என்கின்ற பேச்சையும் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனிக்காரர் தன் கட்டடத்தில், தன் மின்சாரத்தில், தன் மின்விசிறியின் கீழே செய்விக்க வேண்டிய வேலையை உங்கள் கூடத்துக்கு அனுப்புகின்றார். அந்தக் கூடத்துக்கு வாடகை யார் கொடுப்பது? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வேலைக்காக ஒரு அறை கூடுதலாகப் பிடித்ததில் மாதம் 1,500 ரூபாய், மின்சாரத்தில் 300 ரூபாய், ஆக 1,800 ரூபாய் அதிகச் செலவு. நாள் ஒன்றுக்கு 300 பீஸ் வீதம் 25 நாளில் 7,500 பீஸ். பீசுக்கு 24 காசு கைவிட்டுப் போகின்றது. கொடுக்கின்ற ரேட்டில் இந்த 24 காசைக் கழித்துவிட்டு மிச்சம்தான் கூலி. இதைத் தோழரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கன்னி மூலையை அளந்தமே ஒழிய இதை அளக்கலைங்களே” என்றார்.

வீட்டில் இருந்து செய்தாலும் அவர்கள் தொழிலாளிகளே என்பதை உலகம் ஒப்புக்கொண்டு நாளாகிவிட்டது. பீடி சுற்றுகின்றவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தாலும் பிராவிடண்ட் பண்டுக்கு உரியவர்கள் என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 1996-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை மற்றக் கூலித் தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 177-ஆவது உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வீட்டில் இருந்து வேலை செய்பவர் யார் என்று விளக்கம் எழுதி வைத்திருக்கின்றார்கள். நம் மாகாணத்தில் தையல் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் ஒன்று இருக்கின்றது. அந்த அம்மையார் அதில் பதிவு செய்திருக்கின்றாரா என்று கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதாம். ஈசானியம், நிருதி, வாயு, அக்கினி என்று எட்டுத் திக்கின் பெயரும் தெரிந்திருக்கின்றது, தனக்குள்ள ஒரு வாரியத்தின் பெயர் தெரியவில்லை. அவர்மீது நமக்குக் குறையில்லை. முன்னதைச் சொல்லிக் கொடுக்கத் தெருவுக்கு ஒருவன் இருக்கின்றான். டெலிவிஷனில் காலை நேரம் முழுதும் அவர்களே. பின்னதைச் சொல்ல யாரும் வருவதில்லை.

தோழர் கடைசியில் தெற்கு வாசல் வீட்டையே பிடித்தார். மிஷினை வடக்கு ஜன்னலுக்கு அருகில் போட்டிருக்கின்றார்கள். தென்மேற்கு ஜன்னல் பக்கம் பாட்டியம்மாள் கட்டில். முதல் இரண்டு நாள் அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாராம். மூன்றாம் நாள் புழுக்கம் தாங்காமல் தானே திறந்துவிட்டாராம். குடிபோனது ராகுகாலத்தில். அதற்கென்று யாரும் வீம்பு பிடிக்கவில்லை. சாமான் ஏற்றும் ஆட்டோவுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் சவாரி இல்லாததால், வாடகையில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ள டிரைவர் சம்மதித்தார்.