ஊசி குத்தினால் யாரிடம் சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருக்கிறாள். போன மாதம் குப்பைப் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி அவள் விரலில் குத்திவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். எட்டு நாள் கழித்துத்தான் எனக்குப் போன் செய்தாள். "சூப்பர்வைசர்கிட்ட சொன்னா என் கவனக்குறைவுன்னுதான் சொல்வாரு டீச்சர். வேலை போயிடும்."

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்தக் கெடு அவளுக்குத் தாண்டிவிட்டது. நோயுள்ளவருக்குப் போட்ட ஊசியாகவே இருந்தாலும் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்றுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றுக்கு முப்பது வரைகூடப் போகலாம். இவளுக்கு அந்தத் தடுப்பூசியை யாரும் போடவில்லை.

விதி இல்லாமல் இல்லை. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. ஊசிகளைப் பையில் போடக்கூடாது, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் என்று அதில் இல்லை.

ஆனால் அதே விதிகளில் "பெரிய விபத்து" எது என்று விளக்கும் இடத்தில், ஊசிக்குத்து அதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கழிவு லாரி கவிழ்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், ஊசி குத்தினால் ஆண்டறிக்கையில் சேர்த்தால் போதும். ஊருக்கே ஆபத்தானதைப் பெரிது என்கிறார்கள், புரிகிறது. குத்துப்பட்டவளுக்கு மூன்று நாள்தானே கெடு! அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு குத்தையும் தனிப் பதிவேட்டில், ஆளின் அடையாளத்தை வெளியே விடாமல் எழுதியாக வேண்டும். நமக்கும் அதுதான் வேண்டும் என்பேன். "பார்த்து வேலை செய்யுங்கள்" என்று சுவரில் ஒட்டுவதெல்லாம் எனக்கு விதியாகத் தெரியவில்லை.

அவளுக்கு முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டுமாம். தடுப்பூசியை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

நர்ஸ்களாக, டாக்டர்களாக, ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் இடத்தில் ஒப்பந்தக்காரர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமா? நாளைக்கே கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள். வீட்டில் இன்சுலின் போடும் சொந்தங்கள், அந்த ஊசியைக் குப்பையில் வீசாமல் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள்.