மண்ணைக் கொடுப்பதும் ‘சேவை’யாம்!

நிலத்துக்குரியவன் வயலைக் குத்தகைக்கு விடுகின்றான். உழுதவன் விளைந்ததில் மேல்வாரம் அளந்துவிட்டுக் குடிவாரத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டு செல்கின்றான். இதனை வாரம் என்றும் குத்தகை என்றும் தமிழன் வழங்கினானேயன்றி, நிலத்துக்குரியவன் உழுதவனுக்குத் தொண்டு செய்தான் என்று எவ்வூரிலும் எவரும் சொன்னதில்லை. ஆனால் அதே நிலத்தின் அடியிலிருந்து சுண்ணக்கல்லையோ கருங்கல்லையோ வெட்டியெடுக்க மாநில அரசு குத்தகை தந்தால், அஃது அரசு செய்யும் ‘சேவை’ என்கின்றது தில்லி. சேவை என்று பெயர் சூட்டியதோடு நிற்கவில்லை. அதன்மேல் 18 விழுக்காடு வரியும் சுமத்தியிருக்கின்றது.

சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் உரிமை பறிபோகும். இவ்வுண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கனிமம் எடுப்போர் மாநிலத்துக்குச் செலுத்தும் தொகையை ‘இராயல்டி’ என்பர். அரசனுக்குரியது என்னும் பொருள்பட ஆங்கிலேயன் வைத்த பெயர் அது. தமிழில் அதனை உரிமைத்தொகை என்பதே சாலும். மண்ணின் பொருள் குறையக் குறைய, அக்குறைவுக்கு ஈடாக மண்ணுக்குரியோர் பெறும் விலைப்பங்கு அது. ஒருமுறை வெட்டிய கல் மறுமுறை முளைப்பதில்லை. எனவே அது பணிக்குக் கூலியன்று.

இவ்வுரிமைத்தொகையை வரையறுக்கும் ஆட்சியுரிமையேனும் மாநிலத்துக்கு உண்டா? 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, சுண்ணக்கல், பழுப்பு நிலக்கரி போன்ற பெருங்கனிமங்களின் உரிமைத்தொகையை நடுவணரசே வரையறுக்கும். மண் அரியலூரினது, அளவுகோல் தில்லியினது. கருங்கல், மணல் போன்ற சிறுகனிமங்கள் மட்டுமே மாநிலத்தின் கையில் விடப்பட்டன.

அடுத்து, வழக்குமன்றங்களின் கதையைக் காண்க. ஊராட்சிகளின் நலனுக்காகத் தமிழ்நாடு உரிமைத்தொகையின் மேல் உருவாவுக்கு 45 காசு மேல்வரி தண்டியது. இந்தியா சிமெண்ட்சு வழக்கில் 1989-இல் உச்ச நயன்மன்றத்தின் எழுவர் ஆயம், உரிமைத்தொகையே ஒரு வரி என்றும், அதன்மேல் மாநிலம் மேல்வரி விதித்தல் செல்லாது என்றும் தீர்த்தது. ஊராட்சிகளின் வருவாய் ஒன்று அன்றே அடைபட்டது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 சூலை 25-இல், ஒன்பதின்மர் ஆயம் எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் அதனை மாற்றியது. உரிமைத்தொகை வரியன்று, குத்தகை ஒப்பந்தத்தின்படி தரப்படும் ஈடே என்றும், கனிம நிலத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்றும் தீர்த்தது. தமிழ்நாடும் தனிச்சட்டம் இயற்றி, 2025 ஏப்பிரலிலிருந்து சுண்ணக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு 160 உருவா என நிலவரி விதித்தது.

இதனை வெற்றியென்று கொண்டாடுவோர் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உரிமைத்தொகை வரியாயிருந்தால், வரியின்மேல் வரி போடுவது முறையன்று என்று வாதிடலாம். 2021-இல் உச்ச நயன்மன்றம் ஒரு வழக்கில் இவ்வரிக்கு இடைக்காலத் தடையும் தந்திருந்தது. இன்றோ, அஃது ஈடுதான் என்று தீர்ந்தபின், ஈடு உண்டெனின் சேவையும் உண்டு என்று வரித்துறை வாதிட வழி பிறந்துவிட்டது. மாநிலத்துக்குக் கதவைத் திறந்த தீர்ப்பையே தில்லி தனக்குச் சாளரமாக்கிக் கொள்கின்றது!

இவ்வரி தண்டப்படும் முறையும் விந்தையானது. சேவை செய்ததாகச் சொல்லப்படும் அரசு இவ்வரியைக் கட்டுவதில்லை. கல் வெட்டுவோனே தலைமாற்று முறையில் கட்டுதல் வேண்டும். 100 உருவா உரிமைத்தொகைக்கு 18 உருவா வரி. அதில் 9 நடுவணரசுக்கு, 9 மாநிலத்துக்கு.

“பாதி மாநிலத்துக்குத்தானே வருகின்றது?” என்பர் சிலர். நடுவணரசு பெறும் 9 உருவாவில் 41 விழுக்காடு மாநிலங்களின் பொதுப்பங்கு. 2021 முதல் 2026 வரைக்கு 15-ஆம் நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு அதில் 4.079 விழுக்காடு. கணக்கிட்டுப் பார்த்தால் 9 உருவாவில் தமிழ்நாட்டுக்குத் திரும்புவது 15 காசு! பள்ளம் விழுவது நம் ஊரில். புழுதி படிவது நம் பிள்ளைகளின் நெஞ்சில்.

“கட்டிய வரியைப் பின்னர்க் கழித்துக் கொள்ளலாமே?” என்பர் வேறு சிலர். பைஞ்சுதை ஆலை வைத்திருக்கும் பெருமுதலாளி கழித்துக் கொள்வான். தொகுப்பு வரி கட்டும் சிறு கல்லுடைப்போன் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. மின்னாற்றலோ இவ்வரிக்கு விலக்கானது. ஆகவே நெய்வேலியில் மின்னாற்றலுக்கென எரிக்கப்படும் பழுப்பு நிலக்கரிக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியில்லை. 100 உருவா மதிப்புள்ள அந்நிலக்கரிக்கு உரிமைத்தொகை 6 உருவா. அதன்மேல் வரி 1 உருவா 8 காசு. சிறு தொகையே, ஆயினும் அது மின்கட்டணத்தில் ஏறி ஏழையின் விளக்கையே சுடும்.

உழவுக்கு விடும் நிலக்குத்தகைக்கு இவ்வரி இல்லை. கலப்பை கீறினால் விலக்கு. கடப்பாரை இறங்கினால் 18 விழுக்காடு! இருவகைக் குத்தகையும் நிலத்தின் பயனை நுகரத் தரும் உரிமையே என்னும்போது, ஒன்றை மட்டும் சேவையாக்கியது எந்நயன்?

இதனை மாற்றத் தமிழ்நாடு முயன்றால் முடியுமா? சரக்கு சேவை வரிக் குழுவில் நடுவணரசின் ஒப்போலை வலிமை மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றுபட்டாலும் தில்லி இசையாமல் ஓர் எழுத்தும் மாறாது. அக்குழுவின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்று 2022-இல் உச்ச நயன்மன்றம் கூறிய பின்னரும், அவ்வுரிமையைக் கையிலெடுக்கும் துணிவுதான் வேண்டும்.

எனவே தமிழ்நாட்டரசு செய்யத்தக்கவை மூன்று. உழவுக் குத்தகையைப் போன்றே கனிமக் குத்தகையையும் இவ்வரியினின்று விலக்கக் குழுவில் வலியுறுத்துதல் வேண்டும். பெருங்கனிமங்களின் உரிமைத்தொகையை வரையறுக்கும் உரிமையை மாநிலத்துக்கு மீட்கப் போராடுதல் வேண்டும். புதிய நிலவரி வருவாயில் ஒரு பங்கைக் குவாரிகளால் குழிபட்ட ஊர்களின் ஊராட்சிகளுக்கே சட்டப்படி ஒதுக்குதல் வேண்டும். தில்லியிடம் உரிமை கேட்கும் அரசு, தன் ஊர்களின் உரிமையை மறுத்தல் ஆகாது.

தமிழர்களே! மண்ணைத் தோண்டுவோன் கல்லை மட்டும் கொண்டுபோவதில்லை. விழிப்பில்லாத இனத்தின் உரிமையையும் சேர்த்தே அள்ளிச் செல்கின்றான். மண் நம்முடையது. அதன் பயன் நமக்குரிய வாரம்; எவருக்கும் நாம் செய்யும் ஊழியமன்று!